பழைய ஸ்பீக்கர் வாங்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகப் பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர்களை இரண்டாம் கையாக வாங்குவது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில், விவரம் கூடுதலாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் பகுதியில் முதியவர் ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் 1970களைச் சேர்ந்த பெரிய அட்வென்ட் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று இருந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பக்க ஜாலியைக் கழற்றியதும் ஊஃபரைச் (தாழ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரைச்) சுற்றியிருந்த ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. "அது சும்மா ஓரத்துப் பஞ்சு, பாட்டு நன்றாகவே வரும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (டொரன்டோ வாசகர்)

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் விற்பவர் சொல்லும் காரணத்தை நம்பி வாங்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ஜோடிக்குரிய விலையையும் கொடுக்க வேண்டாம்.

உதிர்ந்தது வெறும் அலங்காரம் அன்று. கோன் (ஊஃபரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) முன்னும் பின்னும் அசைவதற்கு இடம் கொடுப்பதும், அசையும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் நடுவில் நிறுத்துவதும், பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளியேறாமல் அடைப்பதும் அந்த ஃபோம் விளிம்பின் வேலைகள். அட்வென்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி க்ளாஸ், தம் ஆசிரியர் எட்கர் வில்ச்சருடன் சேர்ந்து 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தை உருவாக்கியவர். காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஊஃபருக்கு வில்லாகப் பயன்படுத்தினால், அலமாரி அளவுள்ள பெட்டி இல்லாமலே ஆழமான தாழ் ஒலியைப் பெறலாம் என்பது வில்ச்சரின் கண்டுபிடிப்பு. அட்வென்ட் பெட்டியும் அதே வழியில் அமைந்ததே. எனவே விளிம்பு கிழிந்தால் காற்று கசிகிறது. வில்லின் பிடி போய்விடுகிறது. குரலும் வயலினும் ஒலிப்பதால் "பாட்டு வரும்" என்ற பேச்சு பொய்யில்லை. தாழ் ஒலிதான் வராது. அதைவிடக் கெடுதலானது, பிடிப்பில்லாத கோன் சாய்ந்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தின் குறுகிய இடைவெளியில் உரசத் தொடங்குவது. ஃபோம் மாற்றும் வரை அந்தப் பெட்டிகளைச் சத்தமாக ஒலிக்க விடாதீர்கள்.

பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தாலும் ஆக்சிஜனாலும் தானாகவே சிதையும் பொருள். 15 முதல் 25 ஆண்டுகள்தான் அதன் ஆயுள். பெட்டியை ஒலிக்கவிட்டாலும் விடாவிட்டாலும் இதில் மாற்றமில்லை. ஆகையால் "வாங்கியதிலிருந்து அதிகம் போடவே இல்லை" என்று ஒருவர் சொல்வது வாய்ஸ் காயிலுக்கு நல்ல சான்றிதழாக இருக்கலாம். விளிம்புக்கு அதனால் பயன் இல்லை.

இரண்டு விளிம்புகளும் பசையும் அடங்கிய கிட் உங்கள் நாட்டில் சில பத்து டாலர்களுக்குக் கிடைக்கும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, வாய்ஸ் காயிலைச் சுற்றி மெல்லிய தகடுகளைச் செருகியோ, மிகத் தாழ்ந்த ஒலியைக் குறைந்த சத்தத்தில் செலுத்தியோ கோனை நடுவில் நிறுத்திக்கொண்டு புதிய விளிம்பை ஒட்ட வேண்டும். பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்துவிடலாம். கிட் வாங்கும் முன் ஊஃபரை வெளியே எடுத்துப் பாருங்கள். முதலில் வந்த பெரிய அட்வென்ட்களில் உலோகச் சட்டத்தின் மேல் பழுப்பு நிற மேசோனைட் (அழுத்திய மரநார்) வளையம் ஒன்று இருக்கும். பிற்காலத்தவற்றில் அது இல்லை. இரண்டுக்கும் விளிம்பின் அளவு வேறு. ஒரு பெட்டியில் வளையம் இருந்து மற்றதில் இல்லாவிட்டால், யாரோ எப்போதோ ஒரு ஊஃபரை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

விலையைப் பொறுத்தவரை என் கணக்கு எளியது. ஃபோம் மாற்றிய நல்ல ஜோடி உங்கள் ஊரில் என்ன விலைக்குப் போகிறதோ அதிலிருந்து இரண்டு ஊஃபர்களையும் சரிசெய்யும் கூலியைக் கழித்துவிட்டு, மிச்சத்திலும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். பழைய ஸ்பீக்கரில் எது கெட்டிருக்கிறது என்பதைவிட, கெட்டதற்கு மாற்று கிடைக்குமா என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும். அந்த வகையில் ஃபோம் மலிவான குறை. உயர் ஒலி தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர், அதுவும் பெயர் பெற்ற ஒன்று, செத்துப்போவது விலை மிகுந்த குறை.

கேள்வி: விற்பவரின் வீட்டுக்குப் போனால் அரை மணி நேரம்தான் பார்க்க விடுகிறார்கள். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்லன். எதை எப்படிச் சோதிப்பது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் செல், பல முறை கேட்டுப் பழகிய இரண்டு மூன்று ஒலிப்பதிவுகள் ஆகியவற்றோடு போங்கள். அரை மணி நேரம் போதும்.

முதல் பத்து நிமிடம் ஆம்ப்ளிஃபையரைப் போடவே வேண்டாம். இரண்டு பெட்டிகளின் ஜாலியையும் கழற்றி, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். டிரைவர்கள் (ஊஃபர், ட்வீட்டர் போன்ற ஒலி எழுப்பும் பாகங்கள்) ஒரே வகையா, திருகுகளின் தலையில் புதுக் கீறல்கள் உண்டா, ஒரு பெட்டியில் மட்டும் பசை வழிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெட்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தில் டார்ச் அடியுங்கள். அந்தக் காலப் பெட்டிகளில் பெரும்பாலானவை மரத்தூள் பலகையின் மேல் மெல்லிய வெனீர் ஒட்டியவை. தரையைக் கழுவிய தண்ணீரைக் குடித்த மூலை உப்பி, விரலால் அழுத்தினால் உதிரும். கரையான் தடம் தெரிந்தால் அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து ஊஃபர். நடுவிலிருந்து சம தூரத்தில் இரு கை விரல் நுனிகளையும் வைத்துக் கோனை மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. மணல் உரசுவதுபோல் ஒலித்தால் வாய்ஸ் காயில் உரசுகிறது. துளையில்லாத மூடிய பெட்டியாக இருந்தால், விட்டதும் கோன் சட்டென்று துள்ளாமல் மெல்லத் திரும்ப வேண்டும். துள்ளினால் எங்கோ காற்று கசிகிறது. ட்வீட்டரின் நடுவே குவிந்திருக்கும் சவ்வை மட்டும் தொடாதீர்கள். துணியோ உலோகமோ, அழுந்தினால் பழைய உருவுக்கு வருவது அரிது.

மல்டிமீட்டரைப் பெட்டியின் பின்புற முனைகளில் வைத்தால், 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் பொதுவாக 5.5 முதல் 7 வரையும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரையும் காட்டும். இரண்டு பெட்டிகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். இது ஊஃபரைப் பற்றி மட்டுமே சொல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள். ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடுவதால், ட்வீட்டர் எரிந்துபோயிருந்தாலும் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது.

பென்டார்ச் செல்லின் பிளஸ் முனையைச் சிவப்பிலும் மைனஸ் முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே துள்ளும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால், ஒரு பெட்டிக்குள் கம்பி மாறியிருக்கிறது. பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இரண்டுமே உள்ளே போகும். அது அந்த நிறுவனத்தின் அந்தக்கால வழக்கம், பழுது அன்று. இரண்டும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்பதே கேள்வி.

இனிப் பாட்டு. விற்பவரின் ஆம்ப்ளிஃபையரில் லவுட்னஸ் பட்டன் அழுந்தியிருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் நிறுத்துங்கள். மோனோவில் பதிவான பாட்டு ஒன்றைப் போட்டு, பேலன்ஸ் குமிழால் ஒரு பெட்டியை மட்டும் கேட்டு, உடனே மற்றதற்கு மாறுங்கள். இரண்டும் ஒரே குரலாக இருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு நான் முதலில் போடுவது தம்புராவின் தனி ஒலி. சீராக ஓடிக்கொண்டே இருப்பதால் அவசரமின்றி ஒப்பிடலாம். ஒரு பெட்டியில் ஜீவாரியின் (தந்தி ரீங்காரத்தின்) மினுமினுப்புக் குறைந்து ஒலி மூடினாற்போல் இருந்தால், அந்தப் பக்கத்து ட்வீட்டரோ கெபாசிட்டரோ தளர்ந்திருக்கிறது. அடுத்தது மிருதங்கத் தனி ஆவர்த்தனம். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) கும்காரம் விழும்போது விளிம்பின் கிழிசலும் காயிலின் உரசலும் படபடவென்று வெளிப்பட்டுவிடும். குறை தென்பட்டால் இடது, வலது வயர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். குறை அதே பெட்டியில் நின்றால் ஸ்பீக்கரில் கோளாறு. மறுபக்கம் போனால் ஆம்ப்ளிஃபையரில்.

ட்வீட்டரிலிருந்து ஒலியே வராவிட்டாலும் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். ஏஆர்-3ஏ போன்ற பெட்டிகளின் பின்புறத்தில் ஒலி அளவைச் சரிசெய்யும் குமிழ்கள் உண்டு. அவற்றின் உட்பகுதி களிம்பேறி, நல்ல ட்வீட்டரையே ஊமையாக்கிவிடும். குமிழைப் பத்திருபது முறை முழுதாக இப்படியும் அப்படியும் திருப்பினால் ஒலி விட்டு விட்டு வரக்கூடும். வந்தால் டிரைவர் உயிரோடு இருக்கிறது, விலை பேசலாம்.

கேள்வி: அப்பாவின் நண்பர் தம்மிடமுள்ள 1980களின் இந்தியத் தயாரிப்பு ஸ்பீக்கர்களைக் குறைந்த விலைக்குத் தருகிறார். ஊஃபரின் விளிம்பு போய்விட்டது, கோன் நன்றாகவே இருக்கிறது. பழுதுபார்க்கும் கடையில் "கோனையே மாற்றிவிடலாம், புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார்கள். சரிதானா? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி கல்யாண மண்டபத்துக்கும் கோவில் விழாவுக்கும் போகும் ஸ்பீக்கர்களே. அவற்றுக்கான கோன்கள் மடிப்புத் துணி விளிம்போடு விறைப்பாக இருக்கும்; திறந்த வெளியில் குரல் தூரத்துக்குப் போய்ச் சேர அதுவே தேவை. வீட்டுப் பெட்டியிலோ கோனின் எடை, விளிம்பின் தளர்ச்சி, பெட்டியின் கொள்ளளவு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு கணக்கிட்டுச் செய்தவை. விறைப்பான கோனைப் போட்டால் சத்தம் கூடியதுபோல் தோன்றும். தாழ் ஒலி காணாமல் போயிருக்கும்.

விளிம்பை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். கோனின் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் உள் விட்டம், வளைவின் அகலம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு தேடினால், ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பொருத்தமானது கிடைத்துவிடும். கடற்கரை ஊர் என்பதால் ஃபோமுக்குப் பதில் ரப்பர் போடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ரப்பர் நீடித்து உழைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் எடை கூடுதல், எனவே ஃபோமுக்காக வடிவமைத்த ஊஃபரின் போக்கே மாறிவிடும். ஃபோமையே போட்டுவிட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மறுபடி மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தக் கடைக்காரரின் திறமை வேண்டியிருப்பது வேறோர் இடத்தில்: வாய்ஸ் காயில் எரிந்துபோனால், பழைய காயிலின் கம்பிப் பருமன், அடுக்கு, ஓம் மூன்றையும் குறித்துக் கொடுங்கள். கையால் சுற்றித் தரும் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சோனோடைன், காஸ்மிக் முதலிய பெயர்களுக்குச் சேகரிப்பாளர்களிடையே வெளிநாட்டுப் பெயர்களுக்குள்ள கிராக்கி இல்லை என்பது கேட்பதற்காக வாங்குகிறவருக்கு ஆதாயமே.

கேள்வி: ஒரு கடையில் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன. 15 ஓம் ஜோடிக்கு 11 ஓம் ஜோடியைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அவ்வளவு வேறுபாடு உண்டா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: சேகரிப்பவருக்கு உண்டு, கேட்பவருக்கு அவ்வளவு இல்லை. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லாததால் பிபிசி 1970களில் வடிவமைத்த சிறிய பெட்டி இது. ராஜர்ஸ், ஸ்பென்டார், ஹார்பெத் உள்ளிட்ட பல நிறுவனங்கள் பிபிசியின் உரிமம் பெற்று, கெஃப் நிறுவனத்தின் பி110 ஊஃபரையும் டி27 ட்வீட்டரையும் வைத்தே இதைச் செய்தன. 1980களின் பிற்பகுதியில் டிரைவர்களிலும், ஒலியைத் தாழ், உயர் எனப் பிரித்து அவற்றுக்கு அனுப்பும் கிராஸ்ஓவரிலும் மாற்றம் வந்து 15 ஓம் 11 ஓம் ஆயிற்று. இரண்டிலும் மனிதக் குரல் மிக இயல்பாக ஒலிக்கும். இரண்டிலும் ஆழமான தாழ் ஒலி கிடையாது.

ஓமைவிட முக்கியமானது ஜோடிப் பொருத்தம். இரு பெட்டிகளின் வரிசை எண்களும் இணையானவையா, ட்வீட்டரைச் சுற்றியுள்ள ஃபெல்ட் பட்டைகள் முழுதாக இருக்கின்றனவா, ஜாலித் துணி அதன் பழைய டைகன் துணிதானா என்று பாருங்கள். ஃபெல்ட்டும் துணியும் அழகுக்காக வைத்தவை அல்ல. அவற்றையும் சேர்த்தே ஒலி சரிசெய்யப்பட்டது. விலை ஏறியபின் போலிகளும் புழங்குவதால், கிராஸ்ஓவர் பலகையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கெஃபில் அந்த டிரைவர்களை வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் நிறுவனம் அவற்றை மறுபடி தயாரித்து, உரிமத்தோடு புதிய எல்எஸ்3/5ஏ விற்கிறது. பழைய ஜோடியின் விலை அதைத் தாண்டினால், புதியதையே வாங்குவது நல்லது.

கேள்வி: பழைய ஸ்பீக்கர் வாங்கியதும் கிராஸ்ஓவரிலுள்ள கெபாசிட்டர்கள் அனைத்தையும் மாற்றியே தீர வேண்டுமா? என் ஆம்ப்ளிஃபையர் 15 வாட்ஸ், போதுமா? (மதுரை வாசகர்)

பதில்: எலெக்ட்ரோலிட்டிக் வகையாக இருந்தால் ஒரு முனையைக் கழற்றி அளந்து பார்த்து, குறித்த அளவிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் மாற்றுங்கள்; இரு பெட்டிகளிலும் சேர்த்தே மாற்றுங்கள். பிலிம் வகை பெரும்பாலும் கெடுவதில்லை. பிளஸ், மைனஸ் குறியிட்ட சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் இங்கே ஆகாது. துருவமற்ற நான்-போலார் வகைதான் வேண்டும். ஸ்பீக்கரைவிட விலை கூடிய கெபாசிட்டர்களைப் போடச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

15 வாட்ஸ் போதுமா என்பது ஸ்பீக்கரின் திறனை, அதாவது ஒரு வாட்டுக்கு அது எத்தனை டெசிபெல் சத்தம் தருகிறது என்பதைப் பொறுத்தது. 3 டெசிபெல் குறையும்போதெல்லாம் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட்ஸ் தேவை. 90 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்றுக்கு உங்கள் ஆம்ப்ளிஃபையர் ஒரு சாதாரண அறையில் தாராளம். 82, 83 டெசிபெல் மட்டுமே தரும் எல்எஸ்3/5ஏ வகைக்குத் திணறும். திணறும் ஆம்ப்ளிஃபையரை மேலும் திருகினால், சிதைந்த ஒலி ட்வீட்டரைச் சுட்டெரித்துவிடும். 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால், உங்கள் ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் 4 ஓம் அனுமதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிசீவரும் ஸ்பீக்கரும் ஒரே செட்டாகக் கிடைக்கின்றன. நம் மின்சாரத்துக்கு ஒத்துவருமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: ஸ்பீக்கருக்குக் கவலையில்லை, அது நேராக மின்சாரத்தில் மாட்டுவதன்று. ஜப்பானிய உள்நாட்டு ரிசீவர் 100 வோல்ட்டுக்கானது. உங்கள் 230 வோல்ட்டில் அதைச் செருகினால் அந்த நொடியே போய்விடும். பின்புறத்தில் வோல்ட்டேஜ் மாற்றி இல்லையென்றால், 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: பெங்களூரில் யமஹா என்எஸ்-1000எம் ஜோடி மலிவாக வருகிறது, ஒன்றில் ட்வீட்டர் ஒலிக்கவில்லையாம். வாங்கினால் சேலத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? (சேலம் வாசகர்)

பதில்: முதலில் முன்பலகையிலுள்ள ட்வீட்டரின் ஒலி அளவுக் குமிழைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்; ஏஆர் பெட்டிக்குச் சொன்னதே இதற்கும். அப்படியும் ஒலிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். 1974இல் வந்த இந்த ஸ்பீக்கரின் ட்வீட்டர், நடுத்தர டிரைவர் இரண்டின் குவிந்த சவ்வுகளும் பெரிலியம் உலோகம். அதன் பெருமையே அதுதான். மாற்றுக்கு இன்னொரு பழைய யமஹாவைத்தான் உடைக்க வேண்டும். சவ்வு நொறுங்கியிருந்தால் கையால் தொடவோ, ஊதவோ, துடைக்கவோ கூடாது. பெரிலியம் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது.

ஒலித்தால், பார்சல் சர்வீஸில் போடாமல் காரில் நீங்களே போய் எடுத்து வாருங்கள். பெட்டி ஒன்று 31 கிலோ. கீழே விழுந்தால் வெளியே கீறல்கூட இல்லாமல், உள்ளே ஊஃபரின் கனத்த காந்தம் இடம் பெயர்ந்து காயிலைக் கவ்விக்கொள்ளும். பின்சீட்டில் மெத்தை விரித்து, டிரைவர்கள் மேல்நோக்கி இருக்குமாறு மல்லாக்கக் கிடத்துங்கள். ட்வீட்டரின் காப்பு வலை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்பக்கத்தின் மேல் ஓர் அட்டையைக் கட்டிவிடுங்கள். அட்டைக்கு மேல் எதையும் வைக்காதீர்கள், சாப்பாட்டுப் பையைக்கூட.